நரையாத பிசிரும் நரைத்துவரும் நம் ஊரும்

குன்னத்துத் தேநீர்க் கடைகளிலும் தெருத்திண்ணைகளிலும் அன்றாடம் காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. அற்றை நாளில் கம்பும் வரகும் உண்டவர்கள் கல்லைத் தின்றாலும் செரித்து நூறாண்டு வாழ்ந்தார்கள் என்பதும், இற்றை நாளில் நாற்பது அகவையில் நீரிழிவும் ஐம்பது அகவையில் நெஞ்சுநோயும் வந்துவிடுகின்றன என்பதுமே அப்பேச்சு. சொல்பவரும் பெருமூச்சு விடுவார், கேட்பவரும் தலையசைப்பார். பிறகு இருவரும் இரண்டு கரண்டி வெள்ளைச் சருக்கரை இட்ட தேநீரைக் குடித்துவிட்டு, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள்.

இப்பேச்சில் ஒரு பாதி உண்மை. மறு பாதி மயக்கம். எளிய வாழ்க்கை உடலைக் காக்கும், வாழ்நாளை நீட்டும். இஃது உண்மை. நம் முன்னோர் ஊர்களில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் எளிய வாழ்க்கையே, அது முழுவதும் நல்வாழ்க்கையே என்று எண்ணுவது மயக்கம். தமிழர் வாழ்வை மீட்க வேண்டும் என்று பேசும் நாம் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். பிரித்தறியாமல் பழம்பெருமை மட்டும் பேசுவோமாயின், எதை மீட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமற் போகும்.

நரையின்மைக்குச் சொன்ன நான்கு கரணியங்கள்

கோப்பெருஞ்சோழன் உறையூரிலிருந்து ஆண்ட வேந்தன். பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த புலவர். ஒருவரையொருவர் கண்டிராமலே இருவரும் நட்புப் பூண்டவர்கள். சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் அவ்விடம் தேடி வந்தார். அங்கிருந்த சான்றோர் அவரைக் கண்டு வியந்தனர். ஆண்டு பலவாகியும் அவர் தலையில் நரை இல்லை. அஃது எவ்வாறு என்று வினவினர். அவர் கூறிய விடையே புறநானூற்றின் 191ஆம் பாட்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலை அச்சேற்றிய நாள்முதல் தமிழ் படிப்போர் எல்லாரும் அப்பாட்டைப் படித்துவருகின்றனர். என் போன்ற தமிழாசிரியர் அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவருகின்றோம்.

ஆனால், அவ்விடையில் நாம் கூர்ந்து நோக்காத செய்தி ஒன்றுண்டு. புலவர் தம் உணவைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் கூறவில்லை. பச்சிலை, மருந்து, மூச்சுப் பயிற்சி எதனையும் கூறவில்லை. அவர் கூறியவை நான்கு. மனைவியும் மக்களும் பண்பால் நிறைந்தவர்கள். ஏவலர் அவர் கருத்தறிந்து நடப்பவர்கள். வேந்தன் தீங்கு செய்யாமல் காப்பவன். இம்மூன்றுக்கும் மேலாக, அவர் வாழும் ஊரில் கற்று அடங்கிய சான்றோர் பலர் இருக்கின்றனர். வீடு, வேலை, ஆட்சி, ஊர் என்னும் நான்கிடத்தும் உள்ளத்தை அரிக்கும் கவலை அவருக்கு இல்லை. கவலை இல்லாமையால் நரையும் இல்லை.

இற்றை மருத்துவர் உளவழுத்தம் என்று பெயரிட்டுப் பேசுவதை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழ்ப் புலவர் ஒருவர் அறிந்திருந்தார் என்று மகிழ்வதோடு நாம் நின்றுவிடுகின்றோம். அவ்விடையின் ஆழம் அதற்கும் அப்பாற்பட்டது. அவர் கூறிய நான்கனுள் வீடு ஒன்றே தனிமாந்தன் பொறுப்பில் பெரும்பாலும் அமைவது. வேலை பிறரோடு கூடியது, ஆட்சி வேந்தனுடையது, ஊர் எல்லார்க்கும் பொதுவானது. எனவே, நெடுவாழ்வு என்பது ஒருவன் தனியே இருந்து ஈட்டிக்கொள்ளும் பொருள் அன்று. நல்ல ஊரும் நேர்மையான ஆட்சியும் தம் மக்களுக்கு வழங்கும் கொடை அது.

அடிகளார் காட்டிய வழி

தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள், மொழிநலத்தையும் உடல்நலத்தையும் வேறுவேறாகக் கருதியவர் அல்லர். 1876இல் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1911இல் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்திற்குக் குடிபெயர்ந்தார். பல்லாவரம் அன்று சென்னையின் இரைச்சலுக்கு எட்டாத அமைதியான ஊர். அங்கிருந்தே 1916இல் தனித்தமிழ் உறுதியை மேற்கொண்டார். பொருந்தும் உணவு எது, பொருந்தா உணவு எது என்பது பற்றித் தனிநூல் எழுதினார். மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வழியை விரித்துரைக்கும் நூலை 1933இல் வெளியிட்டார். பேச்சில் வேண்டாத சொல்லை விலக்குக என்று கூறியவரே, வாழ்வில் வேண்டாத சுமையை விலக்குக என்றும் கூறினார். இரண்டும் ஒரே உள்ளத்தினின்று எழுந்தவை.

அடிகள் 1950இல் தம் 74ஆம் அகவையில் மறைந்தார். நூறாண்டு வழி கூறியவர் தாமே நூறாண்டு வாழவில்லையே என்று எள்ளுவோரும் உளர். இந்திய விடுதலைக் காலத்தில் இந்நாட்டில் பிறந்த ஒருவர்க்குக் கணக்கிடப்பட்ட நிரவல் வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், ஒருவரது வாழ்நாளைக் கொண்டு எதனையும் நிறுவுதல் அறிவுடைமை ஆகாது. அதுவும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுவதே. ஆகவே, பல்லாயிரவரை ஆராய்ந்து கண்ட செய்திகளைப் பார்ப்போம்.

ஞாலம் கண்ட சான்றுகள்

இலண்டன் மாநகரில் செரி மோரிசு என்னும் மருத்துவ அறிஞர், பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1953இல் தம் முடிவை வெளியிட்டார். அந்நகரத்துப் பேருந்துகள் ஈரடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். இருவரும் ஒரே வண்டியில் ஒரே தெருவில் செல்பவர். ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பத்தினர். எனினும் ஓட்டுநரைவிட நடத்துநர்க்கு நெஞ்சுநோய் குறைவாகவே இருந்தது. உடலுழைப்பு உயிரைக் காக்கும் என்பதற்கு அறிவியலார் காட்டும் முதற்சான்றுகளுள் இஃது ஒன்று. நம் உழத்தியர் நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து களை பறிப்பதை நோக்க, அந்த நடத்துநர் ஏறிய படிகள் எம்மாத்திரம்!

சப்பானின் தெற்கே ஒக்கினாவா என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. நூறு அகவை கடந்தோர் மிகுந்த இடம் என்று ஞாலமெங்கும் புகழ்பெற்றது. அத்தீவினர் பழைய உணவு சருக்கரைவள்ளிக் கிழங்கு, கீரை, காய்கறி, சோயா மொச்சைத் தயிர்க்கட்டி ஆகியவை. வயிற்றில் எண்பது பங்கு நிறைந்ததும் கையை எடுத்துவிடும் வழக்கம் உடையவர்கள். முதியோர் தோட்டத்தில் வேலை செய்வர். கூட்டமாகக் கூடிப் பேசி ஒருவர்க்கொருவர் துணை நிற்பர். ஆனால் போருக்குப் பின், 1972 வரை அத்தீவு அமெரிக்கர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் படைத்தளங்களைச் சுற்றி அவர்கள் உணவும் பரவிற்று. நடை போய் மகிழ்வுந்து வந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஒக்கினாவா ஆடவர் வாழ்நாள், சப்பானின் 47 மாநிலங்களுள் 26ஆம் இடத்திற்குச் சரிந்தது. அயலவர் உணவும் அயலவர் நடையும் புகுந்து, ஒரு தலைமுறைக் காலத்தில் ஓர் இனத்தின் உடல்நலம் குலைந்த வரலாறு இது. தமிழர்கள் இதனைத் தம் கதையாகவே படித்தல் வேண்டும்.

இனி நம் நாட்டுக் கணக்கு. இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின் துணையோடு 1,13,043 பேரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த அறிக்கை, இந்தியாவில் 10.1 கோடிப் பேர்க்கு நீரிழிவு உள்ளதாகக் கூறுகின்றது. நகரங்களில் நூற்றுக்கு 16.4 பேர்க்கும் நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு 8.9 பேர்க்கும் அந்நோய் உள்ளது. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வேறுபாடு! எளிய ஊர்வாழ்க்கை நோயைத் தடுத்து நின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

ஆனால், அதே அறிக்கையில் நம்மை நடுங்க வைக்கும் மற்றொரு கணக்கும் உண்டு. நீரிழிவுக்கு முந்திய நிலையில், அஃதாவது நோயின் வாயிற்படியில் நிற்பவர்கள், நகரிலும் நூற்றுக்கு 15 பேர். நாட்டுப்புறத்திலும் நூற்றுக்கு 15 பேர். வேறுபாடே இல்லை! நேற்றைய ஊர்வாழ்க்கை காத்த பயனை இன்றைய முதியோர் நுகர்கின்றனர். இன்றைய ஊர்வாழ்க்கையோ நகரத்தின் நிழலாக மாறிவிட்டது. நாளை நம் ஊருக்கும் நகருக்கும் நோயில் வேற்றுமை இராது.

புன்செய் தந்த வாழ்வு

குன்னம் வட்டம் வானம் பார்த்த பூமி. ஆற்றுப் பாய்ச்சல் மிகுந்த காவிரிக் கரையைப் போன்றதன்று. கரிசல் மண்ணில் ஈரம் காத்து, பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் வரகும், துவரையும் எள்ளும், பருத்தியும் விளைவித்தவர்கள் நம் முன்னோர். காலையில் கூழும் மோரும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும்; உச்சிவேளையில் சோளச்சோறோ வரகுச்சோறோ, கொல்லையில் பறித்த கீரையும்; இருட்டியதும் உணவு; உண்ட சிறிது நேரத்தில் உறக்கம். நெல்லுச்சோறு விழாநாள் உணவு. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் படிப்பவர், அங்கே மருந்தைவிட உணவின் அளவும் செரிமானமுமே மிகுதியாகப் பேசப்படுவதைக் காண்பர். அவ்வதிகாரத்தை எழுத்தறியாதவரும் வாழ்ந்து காட்டிய ஊர்கள் இவை.

இவ்வுணவின் நன்மையை இன்று மருத்துவரே கூறுகின்றனர். தவிடு நீக்காத கூலம் மெல்லச் செரிக்கும், குருதியில் சருக்கரையைத் திடுமென ஏற்றாது, நார்ப்பொருள் மிகுந்தது. ஒன்றிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டினை இக்கூலங்களுக்குரிய ஆண்டாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. நாமோ நம் வாயில் இருந்த கூலம், தவசம் என்னும் நல்ல சொற்களை விட்டுச் 'சிறுதானியம்' என்று புதுப்பெயர் சூட்டி, வண்ணப் பொதியில் அடைத்து, நகரத்துக் கடையில் மும்மடங்கு விலைக்கு வாங்குகின்றோம். பொருளை இழந்தவன் சொல்லை இழப்பான். சொல்லை இழந்தவன் பொருளை அயலான் கடையில் தேடுவான்.

சென்ற ஆண்டு, ஏழாம் வகுப்பில் ஒரு தட்டில் வரகு, சாமை, தினை, கம்பு, கேழ்வரகு ஆகிய ஐந்தையும் வைத்து, பெயர் கூறுமாறு மாணவர்களைக் கேட்டேன். கேழ்வரகைப் பலர் அறிந்திருந்தனர். வரகை ஒரே ஒரு மாணவி கூறினாள். அவள் அப்பாயி வீட்டில் வளர்பவள். கம்பைக் காட்டியபோது ஒரு மாணவன் எழுந்து, "கோழித்தீனி, ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் எல்லாரும் உழவர் பிள்ளைகள்.

மயக்கத்தின் மறுபக்கம்

இவ்வளவும் உண்மையே. ஆயினும் இதனோடு நின்றால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்பவர் ஆவோம். அற்றை ஊர்வாழ்க்கையில் மறைக்கப்பட்ட பக்கமும் உண்டு.

அம்மை நோயும் கழிச்சல் நோயும் சிற்றூர்களைச் சுடுகாடாக்கிய காலம் அது. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பதும், பிறந்த பிள்ளைகளுள் பாதியைப் புதைப்பதும் வீட்டுக்கு வீடு நிகழ்ந்தவை. நூறாண்டு வாழ்ந்த கிழவர் ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். ஓராண்டும் வாழாமற் போன அவர்தம் உடன்பிறந்தார் நால்வரை மறந்துவிட்டோம். பெரியம்மை இந்நாட்டினின்று ஒழிந்ததாக 1977இல் அறிவிக்கப்பட்டது. அதனை ஒழித்தது கூழ் அன்று, தடுப்பூசி. 32 ஆண்டாக இருந்த நிரவல் வாழ்நாள் இன்று ஏறத்தாழ 70 ஆண்டாக உயர்ந்ததற்குத் தூய குடிநீரும் மருத்துவமனையும் பள்ளிக்கல்வியும் பசிநீக்கமும் கரணியங்கள். இன்றும் இந்திய நகரத்தார் நிரவல் வாழ்நாள், நாட்டுப்புறத்தார் வாழ்நாளைவிடச் சில ஆண்டுகள் மிகுதி. நகரவாழ்க்கை நல்லது என்பது இதன் பொருளன்று. நெஞ்சுவலி வந்தால் அரைமணி நேரத்தில் மருத்துவரிடம் சேரும் வாய்ப்பு நகரத்தானுக்கு உண்டு, நாட்டுப்புறத்தானுக்கு அரிது என்பதே இதன் பொருள்.

இரண்டாவதாக, அந்த எளிமை யார் தோளின்மீது நின்றது? பெண்ணின் தோளின்மீது. வரகுக்குத் தோல் ஏழு என்பர் உழவர். அதைத் திருகையில் திரித்து, உரலில் குற்றி, புடைத்து, கல் நீக்கி, உலையில் இடுவதற்குள் ஒரு பெண்ணின் அரைநாள் கழியும். அதுவும் வயலில் களை பறித்துத் திரும்பிய பின். ஆடவன் திண்ணையில் கவலையின்றிக் காற்று வாங்கியதற்கு அவள் உலக்கையே விலை கொடுத்தது. வெள்ளையரிசி வந்தவுடன் நம் பெண்கள் வரகைக் கைவிட்டதை நாகரிக மயக்கம் என்று பழிப்பது நன்றிகெட்ட பேச்சு. அவர்கள் கைவிட்டது வரகை அன்று, ஓயாத உலக்கையை.

மூன்றாவதாக, ஊரின் ஒரு பகுதியார்க்குப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் இல்லாத காலம் அது. பிறப்பால் இழிந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு ஏது கவலையற்ற வாழ்க்கை? அவர்கள் உண்ட கூழ் எளிமையால் உண்ட கூழ் அன்று. இல்லாமையால் உண்ட கூழ். எளிமை என்பது ஒருவன் தானே விரும்பி மேற்கொள்வது. வறுமை என்பது பிறர் அவன்மேல் சுமத்துவது. இரண்டும் ஒரே கலயத்தில் கூழ் குடிக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சாதியை ஒழிக்காமல் பழைய ஊரை மீட்க எண்ணுவோன் நோயையும் சேர்த்தே மீட்கின்றான்.

கூலம் போயிற்று, கவலை வந்தது

இனி, நம் ஊரில் எளிமை போய் எது வந்தது என்பதைப் பார்ப்போம். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் உயர்த்தியது; அரசின் கொள்முதலும் அவற்றுக்கே முதலிடம் தந்தது. புன்செய்க் கூலங்களுக்கு வாங்குவோரும் இல்லை, விலையும் இல்லை என்றாயிற்று. பங்கீட்டுக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. அதனால் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையாமல் இருப்பது போற்றத்தக்கதே. ஆயின் மூன்றுவேளையும் தீட்டிய அரிசியே என்றானபின், உழைப்புக் குறைந்த உடலில் அது நோயாக மாறுகின்றது.

வரகும் கம்பும் விளைந்த நிலத்தில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. தமிழகத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் நம் பெரம்பலூர் முன்னிற்பது. அம்மக்காச்சோளம் நம் அடுப்புக்கு வருவதில்லை. பெரும்பகுதி கோழித்தீவனமாகச் செல்கின்றது. விதை கடையில், உரம் கடையில், பூச்சிக்கொல்லி கடையில், விலையோ வணிகன் கையில்! 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் கொல்லைகளை அரித்தபோது, கடன் வாங்கி விதைத்தவர் கண்ணீரை நேரில் கண்டவர்கள் நாம். அதற்கு முந்திய 2017ஆம் ஆண்டின் இறுதியில், நம் மாவட்டத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்த உழவர் சிலர் அந்நஞ்சாலேயே மாண்டனர். பலர் மருத்துவமனையில் கிடந்தனர். மராட்டிய மாநிலத்து யவத்மாலிலும் அதே ஆண்டில் அதே கொடுமை நிகழ்ந்தது. ஊரில் வாழ்வதாலேயே ஒருவன் நெடுநாள் வாழ்வான் என்போர், அந்த உழவர்தம் மனைவியரிடம் சென்று கூறட்டும்.

கடன் உள்ளவனுக்கு உறக்கம் இல்லை. உறக்கம் இல்லாதவன் மாலையில் மதுக்கடையை நாடுகின்றான். மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் தமிழக அரசே நடத்துகின்றது. ஒரு கையால் அரிசி தந்து மறுகையால் கூலியைப் பறிக்கும் ஆட்சியைப் பிசிராந்தையார் கண்டிருந்தால், அவர் தலையும் ஒரே இரவில் நரைத்திருக்கும். இளையோர் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். திண்ணையில் இருப்போர் முதியோர். அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி. உழைத்த உடல் ஓய்ந்தது; ஓய்ந்திருந்த உள்ளம் உழல்கின்றது. பழைய ஊர்வாழ்க்கையின் நேர்மாறு இது.

நான்கையும் மீட்போம்

பிசிராந்தையார் கூறிய நான்கையும் மீட்பதே நெடுவாழ்வுக்கு வழி. வெறுங்கூழைக் குடித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுதல் வழியாகாது.

வீட்டில் தொடங்குவோம். ஒரு நாளில் ஒரு வேளையேனும் கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு இவற்றுள் ஒன்று நம் தட்டில் இருக்கட்டும். இரவுணவை முன்னதாக உண்போம். சமைக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் ஆடவர் பங்கிட்டுக்கொள்ளட்டும். மனைவியின் முதுகொடியக் கிடைக்கும் நல்லுணவு நல்லுணவு ஆகாது.

வேலையில், நஞ்சைக் குறைப்போம். ஒவ்வோர் உழவரும் தம் நிலத்தில் ஒரு பகுதியையேனும் தம் வீட்டு உணவுக்காக விதைப்பாராக. கூலத்துக்குத் தோல் நீக்கும் சிறுபொறி ஊருக்கு ஒன்று வேண்டும். அஃது இருந்தால் வரகு திரும்பி வரும். உலக்கை திரும்பி வர வேண்டியதில்லை. பொறியை வெறுப்பதன்று நம் கொள்கை. பொறி நமக்கு அடிமையாக இருக்க வேண்டும் என்பதே நம் கொள்கை. ஊர் மன்றங்களும் கூட்டுறவுக் கழகங்களும் இதனைச் செய்ய முடியும்.

ஆட்சியில், நம் குரல் உயர வேண்டும். 2023 மே திங்களில், தருமபுரி, நீலமலை மாவட்டங்களில் பங்கீட்டுக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். நல்ல தொடக்கம். அந்தந்த மாவட்டத்துப் புன்செய்க் கூலத்தை அந்தந்த மாவட்டத்து உழவரிடமே நல்ல விலைக்கு வாங்கி, அம்மாவட்டத்து மக்களுக்கே வழங்கும் முறை தமிழகம் முழுவதும் வேண்டும். காமராசர் 1956இல் தொடங்கிய பகலுணவும், 1982இல் விரிந்த சத்துணவும், 2022இல் வந்த காலையுணவும் உலகம் போற்றும் திட்டங்கள். அவற்றில் கிழமைக்கு இருநாளேனும் இம்மண்ணின் கூலம் இடம்பெற வேண்டும். தமிழன் நிலத்தில் எதை விதைப்பது, தமிழன் பிள்ளை எதை உண்பது என்பனவற்றைத் தில்லியின் கொள்முதல் கணக்கும் தீவனச் சந்தையும் முடிவு செய்யும்வரை நமக்கு உடல்நலமும் இல்லை, உரிமையும் இல்லை. மதுக்கடையை மூடுக என்னும் குரல் ஒவ்வோர் ஊரவைக் கூட்டத்திலும் ஒலிக்க வேண்டும். அதனோடு, இரவில் மருத்துவர் இருக்கும் நலவாழ்வு நிலையம் எட்டும் தொலைவில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

ஊரில், சான்றோர் வேண்டும். சான்றோர் என்போர் வானத்தினின்று இறங்குபவர் அல்லர். பிறர் சண்டையைத் தீர்ப்பவர், கடன்பட்டவனை இழிவுபடுத்தாமல் அரவணைப்பவர், குடித்துவிட்டு வந்தவனைத் தனியே அழைத்து அறிவுரை கூறுபவர், எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர வைப்பவர் ஆகியோரே சான்றோர். இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அவ்வாறு இருக்க முயல வேண்டும். தூய தமிழ் பேசுவோன் வாழ்வும் தூயதாக இருந்தாலன்றி, அவன் சொல்லை ஊர் கேளாது.

1995 வரை நம் குன்னமும் கோப்பெருஞ்சோழனின் உறையூரும் ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. அச்சோழனைத் தேடிப் பிசிராந்தையார் வந்த மண்ணுக்கு அருகில் வாழ்பவர்கள் நாம். இன்றும் அவர்போல் ஒருவர் நம் ஊர்வழியே நடந்து வந்து, நும் தலை ஏன் இத்துணை விரைவில் நரைத்தது என்று நம்மைக் கேட்டால், அரிசியின்மேலும் கைப்பேசியின்மேலும் பழி போட்டுத் தப்ப முடியாது. வீட்டிலும் வேலையிலும் ஆட்சியிலும் ஊரிலும் யாம் செய்யாது விட்ட கடமைகளால் நரைத்தது என்றே கூற நேரும். அவ்விடையை நம் பிள்ளைகள் கூறாதிருக்கும் வண்ணம் நாம் இன்றே எழுவோம். முதல் வேலையாக, நாளைக் காலையில் நும் பிள்ளைகளை அழைத்து, ஒரு பிடி வரகைக் கையில் கொடுத்து, அதன் பெயரைக் கூறுங்கள். அடுத்த ஆண்டு என் வகுப்பில் அத்தட்டை நான் மீண்டும் வைப்பேன்.